அரகார்ன் ரேஞ்சரா, பாலடினா?

கேள்வி:
‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டில் ஒவ்வொரு பாத்திரமும் ஒரு வகுப்பைச் சேர்ந்தது. அதை விளையாடுபவர்கள், டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலில் வரும் அரகார்னை, காடுகளில் திரியும் வீரர்களான ரேஞ்சர் வகுப்பிலேயே சேர்க்கிறார்கள். ஆனால் மினாஸ் திரித் நகரில் அவர் அத்தெலாஸ் என்னும் மூலிகை இலையைக் கசக்கி வெந்நீரிலிட்டு, நினைவிழந்த ஃபாராமிரைப் பெயர் சொல்லி அழைத்து மீட்கும் இடத்தைப் படிக்கும்போது, தொட்டுக் குணப்படுத்தும் புனித வீரரான பாலடினின் சாயல் அல்லவா தெரிகிறது?

பதில் 1:
சாயல் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆயினும் 1975இல் ரேஞ்சர் வகுப்பு உருவானதே அவரை முன்மாதிரியாகக் கொண்டுதான் என்பதால், தாங்கள் கேட்பது அவர் அளவுக்குத் தைத்த சட்டை அவருக்குப் பொருந்துமா என்பதைப் போன்றது. 10ஆம் நிலையை எட்டிய ரேஞ்சர் தொலைவிலுள்ளதைக் காட்டும் மந்திரப் பொருள்களைக் கையாளலாம் என்று 1978ஆம் ஆண்டு விதிநூல் கூறுவதும், அரகார்ன் பயன்படுத்தும் பலந்தீர் என்னும் தொலைவைக் காட்டும் கல்லை மனத்தில் வைத்து எழுதப்பட்டதாகவே எனக்குப் படுகிறது.

பதில் 2:
அரகார்னை விடுங்கள், உண்மையான சிக்கல் அதே நாவலின் மந்திரவாதி கண்டால்ஃப்தான். 1974 விதிகளின்படி மந்திரவாதி குத்துவாளைத் தவிர வேறு ஆயுதம் ஏந்த முடியாது, அவரோ கிளாம்டிரிங் என்னும் வாளோடு போருக்குப் போகிறார்.

பதில் 3:
ராபர்ட் ஈ. ஹோவர்டின் கதைநாயகன் கோனனும் ஒரே வகுப்பில் அடங்காதவன். பார்பேரியன் (நாகரிகமறியா வீரன்) என்று பெயரெடுத்தவன், 1933இல் வெளிவந்த கதையில் யானைக் கோபுரத்தின் மீது திருடனாக ஏறுகிறான். பிற்காலத்தில் அரசனாகவும் ஆகிறான். அவனுக்கு ஒரே வகுப்பைக் கொடுப்பதைவிட, எந்த வயதுக் கோனன் என்று முடிவு செய்துகொண்டு ஆடுவதே எளிது.