இதல்கஸ்ஹின்ன ஸ்டேசன், 1:160 அளவில்: அஞ்சரை அடி அகலத்துக்கு என்ன செய்வது?

கேங் வீட்டுப் பேரன்

வணக்கம். இலங்கை மலையகப் பாதையில், ஒஹியவுக்கும் ஹப்புத்தளைக்கும் நடுவில் இருக்கிற இதல்கஸ்ஹின்ன ஸ்டேசனை மாதிரியாகச் செய்யத் தொடங்கியிருக்கிறேன். மலை முகட்டில் உட்கார்ந்திருக்கிற சின்ன ஸ்டேசன். மேடையில் நின்றால் முன்னாலும் பள்ளத்தாக்கு, பின்னாலும் பள்ளத்தாக்கு. என்னிடம் இருப்பது 210 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் உள்ள ஒரே ஒரு பலகை. அதனால்தான் 1:160, அதாவது என்-ஸ்கேல் என்று முடிவெடுத்தேன்.

இடறுவது தண்டவாள அகலத்தில். அங்கே பாதை அஞ்சரை அடி, 1676 மி.மீ. அதை 160ஆல் வகுத்தால் 10.5 மி.மீ. வர வேண்டும். கடையில் கிடைக்கிற தண்டவாளம் 9 மி.மீ. ஒன்றரை மில்லிமீற்றர்தானே என்று ஒரு மீற்றர் நீளத்துக்குப் பதித்தும்விட்டேன். போன வாரம் எம்2 டீசல் எஞ்சினின் கூடு (வெளி உடம்பு) முப்பரிமாண அச்சில் அச்சடித்து வந்தது, 570ஆம் எண் 'அல்பேர்ட்டா'. தண்டவாளத்தில் வைத்து, கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுபோய் நேர் முன்னாலிருந்து பார்த்தேன். உடம்பு அகலம், கால் ஒடுக்கம். வேறு ஏதோ ஊர்க் கோச்சி (ரயில்) மாதிரி இருந்தது.

தாத்தா அந்தப் பகுதியில் பாதை கேங்கில், அதாவது தண்டவாளத்தைப் பராமரிக்கிற குழுவில், வேலை செய்தவர். சின்ன வயதில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது பார்த்திருக்கிறேன். கையில் ஒரு இரும்புக் கேஜ் கம்பி இருக்கும். வளைவில் அதைக் குறுக்கே வைத்துப் பார்ப்பார். இரண்டு பக்கமும் 'டக்' என்று உட்கார்ந்தால் அடுத்த இடத்துக்குப் போவார். ஆடினால் கேங் முழுக்க அங்கேயே நிற்கும். அந்த அஞ்சரை அடியைச் சரியாக வைத்திருப்பதுதான் அவருடைய வேலை. அவர் பாதையை நான் ஒடுக்கிச் செய்ய மனம் வரவில்லை. 10.5இல் கையாலேயே தண்டவாளம் பதித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கொடிகாமத்தான்

தம்பி, 10.5இல் நான் முயன்றிருக்கிறேன். செம்புத் தகடு ஒட்டிய சிலிப்பர்க் கட்டையில் தண்டவாளத்தைப் பற்றவைத்துப் பதிப்பது கஷ்டமில்லை, ஒரு மாலையில் கை பழகிவிடும். பெட்டிகளும் பிரச்சினை இல்லை, சக்கரத்தை அச்சில் கொஞ்சம் வெளியே இழுத்துவிடலாம். எஞ்சினில்தான் மாட்டினேன். அந்தச் சின்ன மோட்டார் போகிக்குள் (சக்கரங்கள் மாட்டிய அடித்தொகுதி) பல்சக்கரமும் மின்சாரம் எடுக்கிற தகடும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும். அகட்ட இடமே இல்லை. இரண்டு போகியை உடைத்தபிறகு விட்டுவிட்டேன்.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். எஞ்சின் கூடு அச்சடிக்கிறீர்கள். பெட்டியும் அச்சடிக்கத்தான் போகிறீர்கள், ஸ்டேசனை அட்டையில் வெட்டப் போகிறீர்கள். இலங்கைக்கென்று கடையில் வாங்குகிற சாமான் ஒன்றுமே இல்லை. அப்படியிருக்க 160 என்ற எண்ணை ஏன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்? 12 மி.மீ. தண்டவாளமும் அதில் ஓடுகிற எஞ்சின் அடிப்பாகமும் டிடி (1:120) அளவுக்காரர்களுக்காக ஏற்கெனவே விற்கிறார்கள். 12ஐ 140ஆல் பெருக்கிப் பாருங்கள். 1680 மி.மீ. உங்கள் தாத்தாவின் கம்பிக்கு 4 மி.மீ.தான் வித்தியாசம். வளைவில் தண்டவாளம் தேய்ந்தாலே அவ்வளவு வரும். கூட்டை 1:140இல் அச்சடியுங்கள், எல்லாம் பொருந்தும்.

நான் இப்படித்தான் எங்கள் ஊர் ஸ்டேசனை, 1990க்கு முன்னால் இருந்தபடி, செய்துகொண்டிருக்கிறேன். எனக்கு நினைவு தெரிந்தபோது அங்கே தண்டவாளமே இல்லை. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் போர்ப் பங்கருக்குப் போன காலம் அது. மேடை மட்டும் பற்றைக்குள் கிடந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாணம் வரைக்கும் ஓடியபோது வேலியில் ஏறி நின்று பார்த்தேன். நான் காணாத பழைய கோச்சிப் பாதையை அப்பாவிடம் கேட்டுக் கேட்டுச் செய்கிறேன். ஆகவே அகலம் சரியாக வர வேண்டும் என்ற உங்கள் பிடிவாதம் எனக்கு நன்றாக விளங்குகிறது.

சுரங்கம் பதினெட்டு

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். 1:160ஐ விட்டால் ஆட்கள், வாகனங்கள், விளக்குக் கம்பம் எல்லாவற்றையும் நீங்களே செய்ய வேண்டும். 9 மி.மீ. ஒடுக்கம் என்பது நேர் முன்னாலிருந்து பார்த்தால்தான் கண்ணில் படும். முகட்டு ஸ்டேசன் என்பதால் பலகையை நெஞ்சு உயரத்தில் வைத்துப் பக்கவாட்டில்தான் பார்ப்பார்கள். மெல்லிய தண்டவாளம், நீளமான சிலிப்பர், பக்கங்களில் துருநிறம், இவ்வளவும் செய்தால் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

ஆனால் மலையகப் பாதையில் வளைவைக் குறுக்கிவிடாதீர்கள். அங்கே கூர்மையான வளைவு அஞ்சு செயின் ஆரம், ஏறக்குறைய 100 மீற்றர். 1:160இல் 63 செ.மீ., 1:140இல் 72 செ.மீ. நிஜப் பாதையின் வளைவை அப்படியே பலகையில் போட முடிகிற பாதைகள் உலகத்தில் குறைவு, இது அதில் ஒன்று. 72 செ.மீ. ஆரத்தில் 45 பாகை திருப்ப நீளவாக்கில் 51, குறுக்குவாக்கில் 21 செ.மீ. போதும். உங்கள் பலகையில் அடங்கும். ஏற்றமும் 44க்கு 1தான், அதையும் அப்படியே வையுங்கள்.

டேப்லட் அக்கா

தண்டவாளத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், டேப்லட்டை மறந்துவிடாதீர்கள்! ஒற்றைப் பாதை என்பதால் இதல்கஸ்ஹின்னவிலிருந்து ஹப்புத்தளை வரை போக வேண்டுமானால் அந்தத் துண்டுக்குரிய வட்ட உலோக டேப்லட் டிரைவர் கையில் இருக்க வேண்டும். இரண்டு ஸ்டேசன் கருவிகளும் மின்சாரத்தில் இணைந்திருக்கும். ஒன்று வெளியே எடுக்கப்பட்டால் அது திரும்ப உள்ளே போகும்வரை இன்னொன்று வராது. டேப்லட்டைத் தோல் பைக்குள் போட்டு, பெரிய வளையத்தில் மாட்டிக் கொடுப்பார்கள். கோச்சி நிற்காமல் போனால், டிரைவரின் உதவியாள் எட்டி, கையை வளையத்துக்குள் நுழைத்து வாங்குவார். மேடையில் ஓர் ஆள் அந்த வளையத்தை உயர்த்திப் பிடித்து நின்றால், பார்க்கிறவர்களுக்கு ஊர் தெரிந்துவிடும். கைகாட்டியும் வையுங்கள், அசையாவிட்டாலும் பரவாயில்லை.

தேயிலைக்கு ஒரு யோசனை. பாத்திரம் தேய்க்கிற பச்சை ஸ்பொஞ்சைப் பிய்த்து ஒட்டி, மேற்புறத்தைக் கத்தரிக்கோலால் மட்டமாக வெட்டுங்கள். குமிழ் குமிழாக விட்டால் அது வெறும் புதர். மட்டக்கம்பு வைத்துக் கொழுந்து பறித்த செடி தட்டையாகத்தான் இருக்கும்.

கேங் வீட்டுப் பேரன்

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

கொடிகாமத்து அண்ணன் சொன்ன வழிதான். 12 மி.மீ. தண்டவாளத்தில் அரை மீற்றர் பதித்து, கூட்டை 1:140இல் திரும்ப அச்சடித்தேன். முதல் வேலையாக, பித்தளைத் துண்டு ஒன்றை 12 மி.மீ.க்கு அராவி ஒரு சின்னக் கேஜ் கம்பி செய்துகொண்டேன். ஒவ்வொரு சிலிப்பருக்கும் வைத்துப் பார்க்கிறேன். வளைவுக்குள் நுழைகிற இடத்தில் ஆடியது, அந்த நான்கு சிலிப்பரையும் கழற்றித் திரும்பப் பதித்தேன். பிறகு 570ஐ வைத்து நேர் முன்னாலிருந்து பார்த்தேன். அதுதான். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பேர்கூடச் சொல்லவில்லை, "பதுளைக் கோச்சியா?" என்று கேட்டார்.

பக்கவாட்டில் பார்க்கிற யோசனைக்காக, சுரங்கம் அண்ணன், பலகையை நெஞ்சு உயரத்துக்கு ஏற்றிவிட்டேன். வளைவு 72 செ.மீ.தான், குறைக்கவில்லை.

அக்கா, டேப்லட் வளையத்தை இரண்டு தடவை அச்சடித்தேன், இரண்டும் ஆள் கையிலிருந்து எடுக்கும்போதே முறிந்தது. இப்போது பழைய ஒயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவி, பேனா ரீஃபிலில் சுற்றி வளையம் எடுத்திருக்கிறேன். பை மட்டும் மிச்சம். மெல்லிய தோல் எதில் கிடைக்கும், அல்லது காகிதத்திலேயே மடிக்கலாமா?