400 டிகிரியில் உடையும் சிமோ வார்ப்பிரும்பு: காரணம் மக்னீசியமா, கார்பைடா?

வணக்கம். சிமோ எனப்படும், 4% சிலிக்கான், 1% மாலிப்டினம் சேர்த்த டக்டைல் அயர்னை (கிராஃபைட் உருண்டைகளாக அமைந்த வார்ப்பிரும்பை) இழுத்து உடைத்துச் சோதித்துக்கொண்டிருக்கிறேன். கிராஃபைட் நல்ல உருண்டையாக இருக்கிறது, சுற்றிலும் ஃபெரைட் (கார்பன் மிகக் குறைந்த இரும்புக் கட்டம்). கடைசியாக உறைந்த இடங்களில் மட்டும் மாலிப்டினம் கார்பைடு (மாலிப்டினமும் கார்பனும் சேர்ந்த கடினமான சேர்மம்) வலைபோலத் தெரிகிறது.

அறை வெப்பநிலையில் உடைந்த பரப்பு பளபளவென்று பிளவு முறிவாக (படிகங்களே நேராகப் பிளந்து உடைவது) இருந்தது. இவ்வளவு சிலிக்கானுக்கு அது எதிர்பார்த்ததுதான். ஆனால் 400 டிகிரி செல்சியஸில் நீட்சி இன்னும் குறைகிறது, விரிசல் மணி எல்லை (படிகங்கள் ஒன்றையொன்று தொடும் இடம்) வழியே ஓடுகிறது! 600-க்கு மேல் மறுபடி நன்றாக நீள்கிறது. கிராஃபைட்டை உருண்டையாக்கச் சேர்க்கும் மக்னீசியம் மேல்தான் எனக்குச் சந்தேகம். 400 டிகிரியில் முறிவு கார்பைடைத் தொடாத எல்லைகளிலும் போகிறதே.

இரண்டையும் பிரித்தறிய என்ன செய்யலாம்? எஞ்சிய மக்னீசியத்தைக் குறைத்தோ, இழுக்கும் வேகத்தை மாற்றியோ சோதித்தவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். அப்புறம், அனீலிங் (சூட்டில் வைத்து மெதுவாக ஆறவிடுவது) செய்து இந்தக் கார்பைடைக் கரைக்க முடிந்ததா?