குழு நிற்கட்டும், பணம் அப்புறம்

வெளிநாட்டில் இருக்கும் அன்புள்ள உறவுகளுக்கு வணக்கம்.

நம் ஊரில் பெண்கள் சேர்ந்து மகளிர் குழு தொடங்குகிறார்கள் என்றதும் ஆளாளுக்கு "நான் இவ்வளவு தருகிறேன்" என்று எழுதிவிட்டீர்கள். படிக்கவே சந்தோஷமாக இருந்தது. ஆனாலும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: முதல் ஆறு மாதம் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்.

தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கின. 1992-இல் நபார்டு (வேளாண்மை, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கி) இவற்றை வங்கிகளோடு இணைக்கும் முன்னோட்டத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து வழி ஒன்றுதான்: முதலில் சொந்தச் சேமிப்பு, அதிலிருந்து உறுப்பினர்களுக்குள் கொடுத்துக்கொள்ளும் உள்கடன், அதற்குப் பிறகே வங்கிக் கடன். கூட்டம், சேமிப்பு, கணக்கு எல்லாம் ஆறு மாதமாவது ஒழுங்காக நடந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் வங்கி கொடுக்கும். சொத்து அடமானம் கேட்காது. பட்டா எல்லாம் கணவர் பெயரிலும் மாமனார் பெயரிலும் இருக்கிற வீட்டுப் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய காரியம்! கந்துவட்டிக்காரர் வாசலில் வந்து நின்றதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம்.

சொந்தப் பணம் என்றால்தான் கேள்வி வரும். நன்றாக நடக்கும் குழுவின் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பணப்பெட்டி ஒருவரிடம், சாவி இன்னொருவரிடம். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் பாஸ்புக்கை நீட்டி, "போன வாரம் கட்டினதை ஏத்தியாச்சா? வாசி, கேப்போம்" என்பார். குழுவை முன்னின்று நடத்தும் ஊக்குநர் எல்லோர் காதிலும் விழும்படி வாசித்தே ஆக வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த நன்கொடையை யாரும் இப்படி விரட்டிக் கேட்க மாட்டார்கள். யாருக்கு எவ்வளவு பங்கு என்ற பேச்சுதான் எழும்.

சட்டச் சிக்கலும் உண்டு. இந்தியக் குடியுரிமையோடு இருப்பவர்கள் தங்கள் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள் அனுப்பினால் வரும்; ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) இருந்தாலும் அப்படித்தான். எஃப்சிஆர்ஏ என்னும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு அதை வாங்கக் கூடாது. ஆசையாகப் போட்ட பணத்துக்காக நம் மதினிமார் அதிகாரிகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டுமா?

சரி, நாம் என்னதான் செய்வது? கணக்கு எழுதப் பழக்கும் ஆள் வேண்டும். பல குழுக்கள் தடுமாறுவது அங்கேதான். தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், பேரேடு மூன்றையும் இரண்டு மூன்று பெண்களாவது எழுதத் தெரிந்துகொண்டால் எல்லாம் ஒருவர் கையில் முடங்காது. நம்மில் வங்கி வேலை, தணிக்கை வேலை பார்த்தவர்கள் இருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்கள் இந்த மடலுக்குப் பதில் போடுங்கள். எந்த நேரம் தோது என்று குழுப் பெண்களிடமே கேட்டு எழுதுகிறேன். மாலையில் மாடு, சமையல் என்று வேலை இருக்கும், நம் வசதிக்கு அவர்களை இழுக்கக் கூடாது.