மிக் ஃபோலியின் கதைசொல்லும் மாலைக்கு மகனையும் அழைத்துச் செல்லலாமா?

எடிசன்வாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். மல்யுத்த வீரர் மிக் ஃபோலி தனியாக மேடையேறித் தம் அனுபவங்களைக் கதையாகச் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று, எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள ஒரு சிறிய நகைச்சுவை அரங்கில் அடுத்த மாதம் நடக்கவிருக்கிறது. தொண்ணூறுகளின் இறுதியில் திருச்சியில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, தோல் முகமூடி அணிந்த 'மேன்கைண்ட்' ஆக அவரைக் கேபிள் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்தவன் நான். அந்நாளில் எங்கள் வகுப்பில் மல்யுத்த வீரர்களின் படமும் விவரமும் அச்சிட்ட டிரம்ப் கார்டு சீட்டுகள் இல்லாத பையனே கிடையாது. ஒவ்வொரு வீரரின் உயரம், எடை, மார்பளவு எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். அண்டர்டேக்கர் என்ற வீரர் செத்துச் செத்துப் பிழைத்தவர், அவருக்கு ஏழு உயிர் என்று மதிய உணவு இடைவேளையில் சத்தியம் செய்தவர்களும் உண்டு. அந்த வீரர்களில் ஒருவரை நேரில் உட்கார்ந்து கேட்கும் வாய்ப்பை நழுவவிட எனக்கு மனமில்லை.

ஆனால் என் மகனுக்குப் பதின்மூன்று வயது. உடன் வருகிறாயா என்று கேட்டேன். "முடிவை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுத்தானே அப்பா சண்டை போடுகிறார்கள், அதில் சொல்வதற்கு என்ன கதை இருக்கப்போகிறது?" என்று கேட்டான். அவன் கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். எனக்குத்தான் சரியான பதில் வரவில்லை. இத்தகைய நிகழ்ச்சிக்குச் சென்று வந்தவர்கள் அங்கு என்ன நடக்கும், பையனை அழைத்துச் செல்லலாமா, கூடுதல் பணம் கட்டி அவரைச் சந்தித்துப் படம் எடுத்துக்கொள்ளும் சீட்டு வாங்குவது தகுமா என்று விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய ரசிகன் மறுமொழி:

வணக்கம் நண்பரே. 2018-ஆம் ஆண்டு அவர் ஊர் ஊராகச் சென்று கதை சொன்னபோது பென்சில்வேனியாவில் ஒரு மாலை நானும் சென்றிருந்தேன். அவருடைய புகழ்பெற்ற 'ஹெல் இன் எ செல்' கூண்டுச் சண்டை நடந்து இருபது ஆண்டுகள் நிறைவடைந்த வேளை அது. மேடையில் ஒரு ஒலிவாங்கி, ஓர் உயரமான முக்காலி, ஒரு தண்ணீர்ப் போத்தல், அவ்வளவுதான். கட்டம் போட்ட தடித்த சட்டையுடன் அவர் மெல்ல நடந்து வந்து, முதல் வேலையாக எங்கள் ஊரின் பெயரைச் சொல்லிக் கட்டைவிரலை உயர்த்தினார். கூரை அதிரக் கைதட்டல் எழுந்தது. போன இடத்து ஊர்ப் பெயரைச் சொல்லிக் கைதட்டல் வாங்குவதற்கு மல்யுத்தக்காரர்கள் 'சீப் பாப்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது அவருடைய அடையாளமாகவே ஆகிவிட்டது.

உங்கள் மகனின் கேள்வி மிக நல்ல கேள்வி. அதற்கான பதில் அந்தக் கூண்டுச் சண்டையிலேயே இருக்கிறது. 1998 ஜூன் 28 அன்று பிட்ஸ்பர்க் நகரில் அண்டர்டேக்கர் வெல்வார், ஃபோலி தோற்பார் என்பது முன்பே முடிவு செய்யப்பட்டிருந்தது. ஏறத்தாழ 16 அடி உயரக் கூண்டின் உச்சியிலிருந்து வர்ணனையாளர்களின் மேசை மீது அவர் விழுவதும் அவர்கள் இருவருக்கும் தெரிந்தே நடந்தது. ஆனால் அதன் பிறகு தூக்குப்படுக்கையில் கொண்டுசெல்லப்பட்டவர் எழுந்து மீண்டும் மேலே ஏறினார். அப்போது அண்டர்டேக்கர் அவரைக் கழுத்தைப் பிடித்துக் கூண்டின் கூரை மீது அறைய, கூரையின் கம்பிவலை அப்படியே பிய்ந்துகொண்டு அவரைக் கீழே களத்தில் தள்ளியது. அப்படிப் பிய்ந்துகொள்ளும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. கூடவே விழுந்த நாற்காலி முகத்தில் மோதியது. உடைந்த பல்லின் துண்டு ஒன்று மூக்குத் துளைக்குள் ஏறி நின்றது. அண்டர்டேக்கரே அவர் இறந்துவிட்டார் என்று அஞ்சியதாகப் பின்னாளில் கூறியிருக்கிறார்.

விழுவது என்பதும் அவர்கள் கற்றுத் தேறுகிற ஒரு வித்தை. அதை 'பம்ப்' என்பார்கள். எஃகுச் சட்டத்தின் மீது பலகைகளைப் பரப்பி, மெல்லிய நுரைப்படலம் இட்டு, மேலே கித்தான் துணியை இழுத்துக் கட்டியதுதான் மல்யுத்தக் களம். மெத்தை என்று நாம் நினைப்பதற்கும் அதற்கும் நெடுந்தொலைவு. மோவாயை நெஞ்சோடு ஒட்டி, முதுகு முழுவதும் ஒரே நொடியில் தரையைத் தொடும்படி விழுந்து, கைகளைப் பக்கவாட்டில் அறைந்தால் அடி ஓரிடத்தில் குவியாமல் பரவிப்போகும். அப்படிப் பரவினாலும் அடி அடிதான். இதைக் கற்றுக்கொள்வதற்காக, நியூயார்க் மாநிலத்தின் கார்ட்லேண்டில் கல்லூரி மாணவராக இருந்த ஃபோலி பல நூறு மைல் கார் ஓட்டிச் சென்று, பென்சில்வேனியாவில் டொமினிக் டெனூச்சி என்ற ஆசிரியரிடம் பயின்றார். தங்குவதற்குப் பணம் இல்லாமல் காரிலேயே உறங்குவார்.

அன்று மாலை என்னை உலுக்கியது வேறொன்று. அந்த இரவின் பெரும்பகுதி அவர் நினைவிலேயே இல்லை. சண்டையின் இறுதியில் களம் முழுக்கக் கொட்டப்பட்ட போர்டு பின்களின் மீதும் அவர் இருமுறை விழுந்தார். ஆனால் உடை மாற்றும் அறைக்கு வந்தபின், "நான் பின்களைப் பயன்படுத்தினேனா?" என்று அண்டர்டேக்கரிடமே கேட்டிருக்கிறார். உன் கையைப் பார் என்று அவர் சொல்ல, குனிந்து பார்த்தால் கை முழுவதும் பின்கள். ஆயிரக்கணக்கானோர் கண்முன் தாம் செய்த ஒன்றை, பதிவைப் பார்த்தும் உடனிருந்தவர்களைக் கேட்டும் கோத்துக்கோத்துத் தாமே அறிந்துகொண்ட ஒருவர், அதை நமக்குச் சொல்கிறார். சிரிக்க வைத்துக்கொண்டே வந்தவர் இந்த இடத்தில் குரலைத் தாழ்த்தி முக்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அரங்கில் குவளை வைக்கும் ஓசை கூடக் கேட்கவில்லை. உங்கள் மகன் இதைக் கேட்கட்டும்.

கார்டிஃப்வாசி மறுமொழி:

ஃபோலியை நான் நேரில் கேட்டதில்லை. ஆனால் 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் கார்டிஃப் நகருக்கு அண்டர்டேக்கர் தம் தனிநபர் நிகழ்ச்சியோடு வந்தபோது சென்றிருந்தேன். மேற்கண்ட நண்பர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். களத்திற்கு வெளியேயும் வேடத்தைக் கலைக்காமல், சண்டையும் பகையும் உண்மையே என்று நடந்துகொள்வதை அவர்கள் 'கேஃபேப்' என்பார்கள். 1990 நவம்பர் 22 அன்று அறிமுகமாகிச் சரியாக முப்பது ஆண்டுகள் கழித்து அதே தேதியில் விடைபெற்ற அண்டர்டேக்கர், மற்றவர்கள் எல்லாம் அதைக் கைவிட்ட பிறகும் பெருமளவு காத்தவர். பொது இடத்தில் சிரித்த முகமாக அவரைக் கண்டவர்கள் மிகக் குறைவு. அத்தகைய மனிதர் ஒரு நாற்காலியில் அமர்ந்து, டெக்சாஸ் பேச்சுவழக்கில் சிரித்துப் பேசியபோது, எனக்கு முன்வரிசையில் இருந்த நாற்பது வயதுக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். 2014-இல் ரெசில்மேனியா என்ற ஆண்டுப் பெருநிகழ்ச்சியில் பிராக் லெஸ்னர் என்ற வீரரிடம் தோற்ற நாளில் தலையில் பட்ட அடியால் அந்த நாளின் பெரும்பகுதி அவருக்கும் நினைவில்லை. கதை சொல்ல வருகிறவர்களில் இத்தனை பேருக்கு நினைவு அறுந்த நாட்கள் இருப்பதை நாம் இலேசாகக் கடந்துவிடக் கூடாது.

சந்திப்புச் சீட்டு குறித்து என் அனுபவத்தைச் சொல்கிறேன். வேறொரு வீரரின் நிகழ்ச்சியில் அதை வாங்கினேன். ஒரு மணி நேரத்திற்கு மேல் வரிசையில் நின்று, படம் எடுப்பவர் அவசரப்படுத்த, இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் நகர்த்தப்பட்டேன். அந்தப் பணத்தை முன்வரிசை இருக்கைக்குக் கொடுப்பது மேல். பெரும்பாலான நிகழ்ச்சிகளில் இறுதியில் பார்வையாளர் கேள்விகளுக்கு நேரம் ஒதுக்குவார்கள். "வலித்ததா?" என்று கேட்காதீர்கள், எல்லா ஊரிலும் அதைக் கேட்டுவிட்டார்கள். பயணம், ஆசிரியர், எதிராளி, சம்பளம் கிடைக்காத நாட்கள் ஆகியவற்றைக் கேட்டால் ஒத்திகை பார்க்காத பதில் வரும். கைப்பேசியை உயர்த்திப் பதிவு செய்யாதீர்கள். பல அரங்குகளில் அதற்குத் தடையும் உண்டு. நகைச்சுவை அரங்குகளில் வயது வரம்பு இருக்கக்கூடும் என்பதால், பையனுக்குச் சீட்டு எடுக்கும் முன் அரங்கைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கதைகேட்பவள் மறுமொழி:

எனக்கு மல்யுத்தத்தில் ஆர்வமே இருந்ததில்லை. கணவர் வற்புறுத்தியதால் ஒருமுறை ஃபோலியின் நிகழ்ச்சிக்குப் போனேன். நான் செய்யாற்றுப் பக்கம் பிறந்தவள். புரிசைத் தெருக்கூத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்தவள். அங்கு பதினெட்டாம் போரில் துரியோதனன் விழுவான் என்று தெரியாத குழந்தை கிடையாது. விழுவான் என்று தெரிந்தேதான் ஊரே கண்விழிக்கும். எப்படி விழுகிறான், விழுவதற்கு முன் என்ன பேசுகிறான் என்பதற்காகத்தான் அந்த விழிப்பு. விடிந்தபின் கட்டை அணிகலன்களைக் கழற்றி வைத்துவிட்டு, தேங்காய் எண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைத்தபடி, ராத்திரி எந்த இடத்தில் தாளம் தப்பியது, யார் சமாளித்தார்கள் என்று ஆட்டக்காரர்கள் பேசிக்கொள்வதைத் திண்ணையோரம் நின்று கேட்டிருக்கிறேன். ஃபோலியின் மேடை எனக்கு அந்தத் திண்ணையாகத்தான் தோன்றியது. எடிசன் அண்ணா, உங்கள் மகனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஆனால் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பல் மூக்கில் ஏறிய கதைக்கும், 1994-இல் மியூனிக் நகரில் கயிறுகளுக்கிடையே தலை சிக்கி அவருடைய வலக்காதின் பெரும்பகுதி அறுந்துபோன கதைக்கும் அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. சொல்பவரே சிரிக்கத்தான் சொல்கிறார், அது அவருடைய உரிமை. என்னால் சிரிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தபின் கணவரிடம் கேட்டபோது, 1999 ஜனவரியில் தி ராக் என்ற வீரருடன் நடந்த சண்டையைப் பற்றிச் சொன்னார். கைகள் பின்னால் விலங்கிடப்பட்ட நிலையில் ஃபோலியின் தலையில் நாற்காலியால் மீண்டும் மீண்டும், பேசி வைத்திருந்ததைவிடக் கூடுதலாக, அடி விழுந்திருக்கிறது. முன்வரிசையில் அமர்ந்திருந்த அவருடைய மனைவியும் சின்னக் குழந்தைகளும் கதறியது ஓர் ஆவணப்படத்திலும் பதிவாகியுள்ளது. தலையில் நாற்காலியால் அடிப்பதை, இந்தச் சண்டைகளை நடத்தும் WWE நிறுவனம் 2010-இல் தடை செய்தது. உங்கள் மகனுக்குப் பழைய சண்டைகளின் காணொளியைக் காட்ட நினைத்தால் இதை மட்டும் காட்ட வேண்டாம் என்பது என் வேண்டுகோள். நிகழ்ச்சியில் இந்தப் பேச்சு வந்தால், அவன் அதை அவர் வாயால் கேட்பதில் தவறில்லை.

எடிசன்வாசி மீண்டும்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அரங்கை அழைத்துக் கேட்டேன். பெற்றோருடன் வந்தால் பதின்மூன்று வயதுக்கு அனுமதி உண்டு என்றார்கள். சந்திப்புச் சீட்டை விட்டுவிட்டு இரண்டாம் வரிசையில் இரண்டு இருக்கைகள் எடுத்துவிட்டேன். கூத்தைப் பற்றித் தங்கை எழுதியதை மகனுக்குப் படித்துக் காட்டினேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கேள்வி நேரத்தில் தானே எழுந்து கேட்கப்போவதாகச் சொன்னான். 1983-இல், பதினெட்டு வயதில், ஜிம்மி ஸ்னூக்கா என்ற வீரர் கூண்டின் உச்சியிலிருந்து பாய்வதைப் பார்ப்பதற்காக வழியில் போகும் வண்டிகளை மறித்து ஏறி ஃபோலி நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கம் வரை போனார் என்பதை எங்கோ படித்திருக்கிறான். "அன்று ராத்திரி வீட்டுக்கு எப்படித் திரும்பிப் போனீர்கள், வீட்டில் என்ன சொன்னார்கள்?" என்று தன் பள்ளிக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறான்.