"ஏற்ற துணை" போதுமா? ஏசெர் கெனெக்தோவுக்கு ஒரு சொல்

எல்லாருக்கும் வணக்கம். ஆதியாகமம் 2, 3 அதிகாரங்கள்ல ஆண் பெண் பங்கு பத்தின விவாதத்துக்கு தமிழ்ச் சொல் பட்டியல் போட்டுட்டு வர்றோம்ல, அதுல ஏசெர் கெனெக்தோ, அதாவது ஆதாமுக்காக கடவுள் உருவாக்கப்போற பெண்ணை ஆதியாகமம் 2:18ல குறிக்கிற எபிரெயத் தொடர், வந்த இடத்துல "ஏற்ற துணை"ன்னு எழுதிட்டு அடுத்ததுக்கு போயிட்டோம், எனக்கு அது மனசுக்கு ஒப்பல.

துணைங்கிற சொல்லுல எனக்கு குறையே இல்ல. ஏசெர் எபிரெய வேதத்துல 21 இடத்துல வருது, பெரும்பாலும் கடவுள் செய்யற உதவியைத்தான் சொல்லுது, சங்கீதம் 121ல "ஒத்தாசை"ன்னு நாம படிக்கிறதும் இதே சொல்தான், எபெனேசர்ங்கிற பேருக்குள்ள இருக்கறதும் இதுதான். தமிழ்லயும் "கடவுள் துணை"ன்னு எழுதுறப்போ கடவுள் நமக்கு கீழ நிக்கிறார்னு யாரும் நினைக்கறதில்லையே. அதனால "உதவியாள்" வேண்டவே வேண்டாம், அது கைவேலை செய்யற ஆள் மாதிரி ஆக்கிடும்.

சிக்கல் "ஏற்ற"ல இருக்கு. யாருக்கு ஏத்தது? அவனுக்கு. அப்போ அளவுகோல் அவன், அவ அதுக்கு பொருந்தி வரணும்னு ஆயிடுது. இன்னொரு தமிழ் மொழிபெயர்ப்பான திருவிவிலியத்துல வர்ற "தகுந்த துணை"யும் இதே கதைதான். மூலத்துல கெ-ன்னா போல, நெகெத்-ன்னா எதிரே, முன்னால, கடைசி ஓ அவனை குறிக்குது, அதாவது அவனுக்கு எதிரே முகம் பார்த்து நிக்கிற மாதிரி ஒருத்தி. இதுக்கு நம்மகிட்ட "நேர்"னு ஒரு சொல் இருக்கு, அதுல எதிரேங்கிற பொருளும் இருக்கு, இணைங்கிற பொருளும் இருக்கு, "அவளுக்கு நேர் யாரும் இல்ல"ன்னு சொல்றோமே. அதனால நான் முன்வைக்கிறது "நேர்துணை". நேர்காணல்ல க் வரல, இங்கயும் த் போடாமலே எழுதலாம்.

போன மடல்ல ஒரு நண்பர், "ஏற்ற துணை"யை மாத்தினா அது விவாதத்துல ஒரு பக்கம் சாயுதுன்னு எழுதியிருந்தார். நான் அப்படி நினைக்கல. ஆண் தலைமை படைப்புலயே இருக்குன்னு சொல்றவங்க ஆதாம் முதல்ல உருவானதை, அதையே சொல்ற 1 தீமோத்தேயு 2:13ஐ, அவன் அவளுக்கு மனுஷின்னு பேர் வச்சதை காட்டுறாங்க. மத்தவங்க "ஆண்டுகொள்ளுவான்"ங்கிறது ஆதியாகமம் 3:16லதான் வருது, ஏவாள்ங்கிற பேரும் 3:20லதான் வருது, ரெண்டும் வீழ்ச்சிக்கு, அதாவது அவங்க விலக்கப்பட்ட கனியை சாப்பிட்டதுக்கு, அப்புறம்னு சொல்றாங்க. நேர்துணைங்கிற சொல்ல வச்சுக்கிட்டே ரெண்டு பேரும் இந்த வாதத்தை நடத்தலாம், ஏன்னா மூலச்சொல்லும் ஆட்சி பத்தி எதுவும் சொல்லல.

எனக்கு உண்மையிலேயே கஷ்டமா இருக்கறது பட்டியல்ல இருக்கற இன்னொரு சொல், காம்ப்ளிமென்டேரியன். ஆண் தலைமை படைப்புலயே இருக்குன்னு சொல்ற, 1987ல எழுதின டான்வர்ஸ் அறிக்கையோட பக்கம் நிக்கிறவங்க தங்களுக்கு வச்சுக்கிட்ட பேர் அது. நிரப்பு கோணம் மாதிரி "நிரப்புவாதம்"னு நேரா சொல்லிடலாம், ஆனா ஒண்ணையொண்ணு நிரப்பறதை எதிர்த்தரப்பும் மறுக்கலையே, அவங்க மறுக்கறது ஆண்தலைமையை. "படைப்புத்தலைமைவாதம்"னு வச்சா சண்டை எங்கன்னு சொல்லுலயே தெரியும், ஆனா அவங்களே வச்சுக்கிட்ட பேரை நாம மாத்தின மாதிரி ஆகும். ஒருத்தரை அவர் ஏத்துக்கற பேர்லதான் கூப்பிடணும்னு நான் நம்பறேன், அதனால பட்டியல்ல நிரப்புவாதம்னே போட்டு, விளக்கத்துல முதல் வரியிலயே தலைமை பத்தின அவங்க நிலைப்பாட்டை எழுதலாம். இதைவிட நல்லதா யார்கிட்டயாவது இருந்தா அனுப்புங்க, நேர்துணை பத்தி மறுப்பு இருந்தாலும் எழுதுங்க.