பிற்பகல் ஒரு மணிக்குக் கதவைத் திறப்பவர் யார்?

சிறு குழந்தைகளை வைத்துக்கொண்டு சென்னை நகருக்குள்ளேயே இருப்பதா, தாம்பரத்தைத் தாண்டிக் குடிபோவதா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது வாடகையைப் பற்றியோ சதுர அடியைப் பற்றியோ அன்று. எல்.கே.ஜி. வகுப்பு பல பள்ளிகளில் நண்பகலை ஒட்டி முடிந்துவிடுகிறது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீட்டிலோ மாலை ஆறரை, ஏழு மணிக்கு முன்னால் ஆள் திரும்புவதில்லை. இடைப்பட்ட நேரத்தில் குழந்தை யாரிடம் இருக்கும், அதற்குத் திடீரென்று உடம்புக்கு முடியாமல் போனால் பெற்றோரில் ஒருவர் எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர முடியும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகுதான் மற்றவற்றைப் பேச வேண்டும் என்பது, இரண்டு இடங்களிலும் பிள்ளை வளர்த்தவள் என்ற முறையில் நான் உறுதியாகச் சொல்லக்கூடிய கருத்து.

மூத்தவள் 2018இல் பிறந்தபோது நாங்கள் மேற்கு மாம்பலத்தில், நான்கு குடித்தனங்கள் இருந்த ஒரு பழைய வீட்டின் மாடியில் குடியிருந்தோம். எனக்குச் சைதாப்பேட்டையில் அலுவலகம். கணவருக்கு மறைமலைநகரில் தொழிற்சாலை வேலை. ஒரே படுக்கையறை, கட்டிலைப் போட்டால் தொட்டில் கட்ட இடமில்லை, பால்கனியில் துணி காயப்போட்டால் கூடத்துக்கு வெளிச்சம் வராது. ஆனாலும் பேறுகால விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து கீழ்வீட்டு மாமிதான் குழந்தையைப் பார்த்துக்கொண்டார். மாம்பலம் ரயில் நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம். அங்கிருந்து சைதாப்பேட்டை அடுத்த நிலையம். குழந்தைக்குத் தடுப்பூசி போட்ட நாள்களில் மதிய இடைவேளையில் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். அந்த வசதிக்கு எந்த வீட்டின் பரப்பும் ஈடாகாது என்றே அப்போது நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

நகரத்தின் கடினமான பக்கத்தை 2019 கோடையில் பார்த்தோம். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோன அந்த ஜூன் மாதத்தில், எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் காற்றுதான் வந்தது. மெட்ரோ வாட்டர் லாரி எப்போது வரும் என்பது தெரியாது. வந்தால் இடுப்பில் குழந்தையும் கையில் குடமுமாக இறங்கி ஓட வேண்டும். பால்பாட்டிலைக் கொதிக்கவைத்த தண்ணீரைக் கீழே ஊற்ற மனம் வராமல், ஆறவைத்துப் பாத்திரம் கழுவுவதற்கு எடுத்து வைப்போம்.

தாம்பரத்தைத் தாண்டியுள்ள ஊரப்பாக்கத்துக்குக் குடிபோனது 2021இல், மகளை எல்.கே.ஜி.யில் சேர்க்கும் சமயத்தில். கீழ்வீட்டு மாமி தம் மகனோடு இருப்பதற்காகக் கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். அவர் இடத்தை நிரப்ப நகருக்குள் எங்களுக்கு ஆள் அமையவில்லை. அதே நேரத்தில் ஊரப்பாக்கத்திலிருந்து கணவரின் தொழிற்சாலைக்கு வண்டியில் அரைமணி நேரத்துக்கும் குறைவாகத்தான் ஆகும். முதல் ஷிப்டு வாரத்தில் அவர் மூன்று மணிக்கு வீட்டில் இருப்பார். இரண்டாம் ஷிப்டு வாரத்தில் மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்து, சோறு ஊட்டிவிட்டு, அதன்பிறகு வேலைக்குக் கிளம்புவார். மிஞ்சிய நேரத்துக்கு, வீட்டிலேயே தையல் வேலை செய்யும் எதிர்வீட்டு அக்காவிடம் மாதம் ஒரு தொகை கொடுத்துக் குழந்தையை விட்டுவைப்பதென்று பேசி வைத்தோம். நல்ல காற்றுக்காகவோ மரத்துக்காகவோ நாங்கள் புறநகருக்குப் போகவில்லை. பெற்றோரில் ஒருவர் குழந்தைக்கு அருகில் இருக்க வேண்டும் என்பதற்காகப் போனோம்.

அந்த ஏற்பாட்டின் அருமை ஒரு புதன்கிழமை முற்பகலில் விளங்கியது. பிள்ளைக்குக் காய்ச்சல் நெருப்பாகக் கொதிக்கிறது, உடனே வந்து அழைத்துப் போங்கள் என்று பள்ளியிலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. கணவரின் தொழிற்சாலையில் கைபேசியை வாயிலில் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். காவலரிடம் சொல்லி அனுப்பினாலும் அவர் வெளியே வர நேரமாகும். நான் சைதாப்பேட்டையில் ரயில் ஏறித் தாம்பரம்வரை வந்துவிட்டேன். தாம்பரம்வரை அடுத்தடுத்து ரயில் உண்டு. அதற்கு மேல் செங்கல்பட்டுப் பக்கம் போகும் ரயில்கள் குறைவு என்பது அந்தத் தடத்தில் போகிற எல்லோருக்கும் தெரியும். நடைமேடையில் காத்திருக்கப் பொறுக்காமல் ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்து, கிடைத்த பேருந்தில் நின்றுகொண்டே போனேன். வீட்டை அடைந்தபோது எதிர்வீட்டு அக்கா தம் ஸ்கூட்டியில் பள்ளிக்குப் போய்ப் பிள்ளையைக் கூட்டிவந்து, உடம்பை ஈரத்துணியால் துடைத்து, கஞ்சி கொடுத்து, மருந்து கொடுத்த நேரத்தை நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போதே, அழைத்துச் செல்லக்கூடியவர்கள் பட்டியலில் அவர் பெயரையும் படத்தையும் கொடுத்திருந்தோம். இல்லையென்றால் அவரிடம் அனுப்பியிருக்கவே மாட்டார்கள். புது இடத்துக்குப் போகிறவர்கள் முதல் வாரத்திலேயே செய்து முடிக்க வேண்டிய வேலை அது.

புறநகர் எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்ததில் பெரியது தெரு. முட்டுச்சந்தாக முடிகிற எங்கள் தெருவில் மாலை ஐந்து மணிக்குப் பிள்ளைகள் இறங்கிவிட்டால் இருட்டும்வரை நொண்டியும் சைக்கிளும்தான்; அழைக்காமல் எந்தப் பிள்ளையும் வீடு திரும்பாது. மேற்கு மாம்பலத்தில் இரண்டு பக்கமும் வண்டிகள் நிற்கிற தெருவில் மகளின் கையை விட்டு நான் நடந்ததே இல்லை. ஆனால் பூங்கா இருக்கிறது என்று மனை விற்பவர்கள் காட்டும் வரைபடத்தை நம்பிவிடக் கூடாது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் சாலைகள் நீங்கலாகப் பத்து விழுக்காட்டை ஓ.எஸ்.ஆர். எனப்படும் பொதுத் திறந்தவெளி இடமாக ஒதுக்கி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. ஒதுக்கிய இடத்தில் ஊஞ்சல் வருவதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம். எங்கள் மனைப்பிரிவில் அந்த இடம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. அங்கிருந்து வந்த சாரைப்பாம்பு ஒன்று எங்கள் மோட்டார் அறையில் படுத்திருந்தது. குடியிருப்போர் சங்கத்தார் ஊராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்த பிறகுதான் அதைச் சுத்தம் செய்து வேலி போட்டார்கள்.

மழையைப் பற்றி எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் கணவரோடு வேலை செய்யும் ஒரு நண்பர். முடிச்சூரில் அவர் வீடு வாங்கியது ஒரு மே மாதத்தில். பார்த்தபோது தரை காய்ந்து வெடித்துக் கிடந்ததாம். ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் அடையாறாக உருவெடுத்து வரதராஜபுரம், முடிச்சூர் வழியாகத்தான் போகிறது என்பதை 2015 டிசம்பரில் கண்ணால் கண்டார். கைக்குழந்தையோடும் வயதான தாயாரோடும் மொட்டைமாடியில் ஒரு இரவைக் கழித்து, மறுநாள் படகில்தான் வெளியே வந்திருக்கிறார்கள். பால்பொடி டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடியதை இப்போது சொல்லும்போதும் அவர் குரல் தழுதழுக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அந்தப் பகுதிக்குள் தண்ணீர் புகுந்தது. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு பெருமழைக்கு மறுநாள் போய்ப் பார்க்காமல் புறநகரில் எந்த வீட்டுக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று அவர் சொல்வதை நான் அப்படியே எல்லோருக்கும் சொல்லிவருகிறேன். வேளச்சேரி, பள்ளிக்கரணையைப் பார்த்தவர்களுக்கு இது புறநகருக்கு மட்டும் உரிய துன்பம் அன்று என்பதும் தெரியும்.

பள்ளி வேனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் புறநகரில் குழந்தையின் நாள் பெரும்பாலும் அதைப் பொறுத்தே அமைகிறது. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி விழுந்து இறந்தாள். அதன் பிறகே தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்று சிறப்பு விதிகள் வகுக்கப்பட்டன. கோடை விடுமுறையில் வட்டாரப் போக்குவரத்து அலுவலர்கள் ஒவ்வொரு வண்டியையும் சோதிக்கிறார்கள், உதவியாளர் ஒருவர் உடன் வர வேண்டும். சோதனை முடிந்த வண்டியாக இருந்தாலும் ஜூன் மாதத்தில் ஒருமுறை உள்ளே ஏறி, கால்மிதியைத் தூக்கித் தளத்தைப் பார்த்துவிட்டுத்தான் நான் மகளை ஏற்றுகிறேன். இன்னொன்று, வேன் எத்தனை தெருக்களைச் சுற்றிவிட்டு வருகிறது என்று கேளுங்கள். பள்ளி நான்கு கிலோமீட்டர் தொலைவில்தான் என்று சேர்த்த ஒரு வீட்டுப் பிள்ளை, முதலில் ஏறிக் கடைசியில் இறங்குகிற வரிசையில் மாட்டிக்கொண்டு, வேனிலேயே தூங்கிப்போய், சாப்பிடாமல் வீடு வந்து சேர்வதை அன்றாடம் பார்க்கிறேன். மூன்றரை வயதுப் பிள்ளைக்கு அது தண்டனை.

இதற்கு நேர்மாறான முடிவெடுத்தவர் என் அலுவலகத் தோழி. திருவல்லிக்கேணியில் மாமியாரோடு இரண்டு அறை வீட்டில் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறார். புறநகருக்குப் போவதில்லை என்று தீர்மானமாக இருக்கிறார். பிள்ளைகளுக்கு மாலையில் மெரினா மணல். ஞாயிறுகளில் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பிரிவு. உடம்புக்கு வந்தால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. அவருடைய இளையவனுக்கு இழுப்பு உண்டு. நள்ளிரவில் மூச்சுத் திணறினால் ஆட்டோவில் எவ்வளவு விரைவில் மருத்துவரிடம் சேர்க்க முடியும் என்பது ஒன்றுதான் தமக்குக் கணக்கு என்று அவர் சொன்னபோது என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. எங்கள் பக்கம் கிளினிக்குகளுக்குக் குறைவில்லை என்றாலும், இரவில் குழந்தை மருத்துவர் இருப்பாரா என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வீட்டில் பாட்டி இருக்கிற குடும்பத்தை இடம்பெயர்த்தால் பாட்டிக்குத் தெரிந்த கோயிலும் கடையும் மனிதர்களும் போய்விடுவார்கள்; அந்தப் பாட்டியின் தெம்பில்தான் பிள்ளைகளின் பிற்பகல் நிற்கிறது என்பதையும் அவர் கணக்கில் வைத்திருந்தார்.

எங்கள் தெருவில் வீட்டு வேலைக்குப் போகிற பெண் ஒருவர் தம் மகனை அருகிலுள்ள அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர்த்திருக்கிறார். 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் மறு ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்ததிலிருந்து, விடியற்காலையில் எழுந்து சமைத்துப் பிள்ளைக்கு ஊட்டிவிட்டு ஓடும் அவசரம் குறைந்தது என்றார். தனியார் பள்ளி வேண்டும் என்பவர்கள், கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடத்துக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால், தமிழ்நாட்டில் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இருப்பது முக்கியம் என்பதை வீடு தேடும்போதே கவனித்துக்கொள்வது நல்லது.

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறந்த பிறகு எங்கள் பகுதிக்கு மாநகரப் பேருந்துகள் கூடின, ஜி.எஸ்.டி. சாலையில் நெரிசலும் கூடியது. நான் மாலை ஐந்தே முக்காலுக்கு அலுவலகத்தை விட்டுக் கிளம்பி வீடு சேர ஏழரை ஆகிறது. பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில் என் பங்கு அவ்வளவு குறைந்ததை நான் இலகுவாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்காகவே செங்கல்பட்டுக்கு மாற்றல் கேட்டு எழுதியிருக்கிறேன். கணவருக்கு இந்தப் பக்கம் வேலை இல்லாமல் இருந்திருந்தால் இருவரும் மேற்கு மாம்பலத்திலேயே, அந்த ஒற்றைப் படுக்கையறையிலேயே, இளையவன் முதல் வகுப்புக்குப் போகும்வரை இருந்திருப்போம். இருவருக்கும் நகருக்குள் வேலை, உதவிக்குப் பெரியவர்கள் இல்லை, பிள்ளைக்கு ஐந்து வயது ஆகவில்லை என்றால் சொந்த வீட்டு ஆசையைச் சில ஆண்டுகள் தள்ளிவைக்கும்படிதான் சொல்வேன்.

கிண்டியில் வேலை பார்க்கும் ஒரு தங்கை, கணவருக்கு ஸ்ரீபெரும்புதூரில் வேலை, கூடுவாஞ்சேரியில் அடுக்ககம் ஒன்றுக்கு முன்பணம் கொடுக்கப் போவதாகச் சென்ற மாதம் என்னிடம் சொன்னார். ஒரு வேலைநாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு பிற்பகல் ஒரு மணியிலிருந்து ஆறு மணிவரை அந்த அடுக்ககத்தின் வாசலில் இருந்து பாருங்கள் என்றேன். போய்வந்தார். எந்தக் கதவும் திறக்கவில்லை, பால்கனிகளில் துணி மட்டும்தான் இருந்தது, காவலரைத் தவிர ஆளே கண்ணில் படவில்லை என்றார். இப்போது குரோம்பேட்டையில், ரயில் நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில், கீழ்த்தளத்தில் வீட்டுக்காரம்மா குடியிருக்கிற ஒரு வாடகை வீட்டைப் பதினொரு மாத ஒப்பந்தத்தில் பிடித்திருக்கிறார்கள். வாங்குவதைப் பற்றி அடுத்த மழைக்காலம் முடிந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இருவரும் முடிவு செய்திருக்கிறார்கள்.