புதுப்பிப்பு: 71-வது தேசிய திரைப்பட விருதுகள், என் பட்டியல் என்ன ஆனது?

இந்த விருதுகளை யார் வெல்வார்கள் என்று கணித்து, என் தேர்வுகளை முன்பு இங்கே போட்டுத் திருத்தம் கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி. "ரிலீஸைப் பார்க்காதீங்க, 2023-இல் சென்சார் ஆன படமான்னு பாருங்க" என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. அதை வைத்தே 2024-இல் சென்சார் ஆன படங்கள் இரண்டை நீக்கினேன்.

2025 ஆகஸ்ட் 1 அன்று அறிவிப்பு வந்தது. சிறந்த தமிழ்ப் படம் 'பார்க்கிங்', என் தேர்வும் அதுதான். துணை நடிகருக்கு எம்.எஸ்.பாஸ்கரைச் சேர்க்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. 'பார்க்கிங்'கில் ஒரு கார் நிறுத்தும் இடத்துக்காக அவர் நடித்த பெரியவர் பிடிக்கும் வீம்பு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. விருதை மலையாள நடிகர் விஜயராகவனோடு பாஸ்கர் பகிர்ந்துகொண்டார். திரைக்கதை விருதிலும் படத்துக்குப் பங்கு கிடைத்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை!

சிறந்த நடிகர் கணிப்பு தவறியது. ஷாருக் கான், விக்ராந்த் மாஸி இருவருக்கும் கொடுத்தார்கள். அப்புறம், 'வாத்தி' பாடல்களுக்காக ஜி.வி.பிரகாஷ் குமாருக்குச் சிறந்த இசையமைப்பாளர் விருது.